வலி போன இடம்

வெண்ணாற்றங்கரையில் ஒரு மடம். பெரிய மடம் என்று சொல்ல முடியாது. பல்லக்கு, யானை, பரிவாரம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, கொல்லையில் நாலைந்து தென்னை, முற்றத்தின் நடுவே மடத்தை உண்டாக்கிய முதல் சாமியின் சமாதி. ஆனாலும் ஒரு வழக்கத்தால் அந்த மடத்தைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே காவி வாங்க வேண்டுமென்றால் தைப்பூசத்தன்று ஒரு பகல் முழுக்க அசையாமல் உட்கார வேண்டும். சமாதிக்கு எதிரே, வெறுந்தரையில், சம்மணம் போட்டு, சூரியன் கிளம்பியதிலிருந்து விளக்கு வைக்கும்வரை. நடுவில் காலை மாற்றிப் போட்டாலும் போச்சு, அடுத்த வருஷம்தான். முதல் சாமி அப்படி உட்கார்ந்தபோது ஒரு நல்லபாம்பு மடியில் ஏறி இறங்கிப் போனதாகச் சொல்வார்கள். நிஜமா என்று அந்தப் பாம்பைத்தான் கேட்க வேண்டும்.

மாசிலாமணி இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் தோற்றவர்.

அறுபது தாண்டிய சீடர் அவர். அரசாங்க பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள், மகள் ஓசூரில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான அருணந்தி சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைச்சல். சின்னப் பிள்ளையாக மடத்துக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர் சாமி. சீடரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். சீடரும் தன் தம்பி வயசுக்காரரைப் பார்த்து 'சாமி' என்று கைகட்டி நிற்பார். இருவருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

பஸ் வேலை மாசிலாமணிக்குப் பென்ஷனோடு இன்னொன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தது. வலி. இடுப்பில் கிளம்பி, பின்பக்கம் இறங்கி, வலது காலின் வெளிப்புறமாக ஓடி, கட்டைவிரலில் போய்ச் சுரீர் என்று குத்தும். தும்மினால்கூடத் துள்ள வைக்கும். அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். வாயு என்றார் ஒருவர், தேய்மானம் என்றார் இன்னொருவர், நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் பயமுறுத்தினார். எங்கே வலி என்று கேட்டால் கெண்டைக்காலைக் காட்டுவார். அதனால் தைலம் எல்லாம் கெண்டைக்காலுக்கே போயிற்று.

முதல் வருஷம் காலைப் பலகாரம் ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். மறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவேளை வரை தாக்குப்பிடித்தார். பிறகு ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாரே, தென்னையில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

மூன்றாவது வருஷம்தான் அந்த அதிசயம் நடந்தது.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் வலி குறைய ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அடியோடு காணாமல் போனது. மாசிலாமணிக்கு நம்பவே முடியவில்லை. தியானம் பலித்துவிட்டது என்று நினைத்தார். அதுவும் போதாதென்று ஒரு நாள் அடுக்களையில் விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது கங்கு ஒன்று தெறித்து அவருடைய வலது பாதத்தின்மேல் விழுந்தது. அவர் பாட்டுக்கு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். சமையல் பார்க்கும் தையல்நாயகிதான் நாற்றம் வந்து திரும்பிப் பார்த்து அலறினாள்.

"ஐயய்யோ, கால் வேகுதுய்யா!"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். பிறகு சாவகாசமாகக் கங்கைத் தட்டிவிட்டார்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலில் போட்டார்கள். புண்ணான பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மடத்துக் காரியஸ்தர் வைத்திலிங்கம் சும்மா இருக்கிற ஆளா? வாசலில் ஒரு ப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'வலியை வென்ற மகான்! தைப்பூசத்தன்று நேரில் காண வாரீர்!' படத்தை ஆதார் அட்டையிலிருந்து எடுத்திருந்தார்கள். அதில் மாசிலாமணி மகானைப் போல இல்லை, போலீஸ் தேடுகிற ஆளைப் போல இருந்தார். ஆனாலும் அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இருக்காதா? ஆயுசு முழுக்க அவரைப் பார்த்துப் பயணிகள் சொன்னதெல்லாம் 'நிறுத்துய்யா வண்டிய' ஒன்றுதான்.

திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிருந்த அருணந்தி சாமி தை பிறந்த பிறகுதான் திரும்பி வந்தார். பூசத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வாசலில் நின்று ப்ளெக்ஸை முழுக்கப் படித்தார். உள்ளே வந்து கைகால் கழுவிவிட்டு, தையல்நாயகியிடமிருந்து முளைக்கீரையை வாங்கி ஆய உட்கார்ந்தார்.

மாசிலாமணி ஓடி வந்து விழுந்து கும்பிட்டார்.

"சாமி, வலி போயிடுச்சு."

"எங்கே போச்சு?"

மாசிலாமணி சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார்.

"எங்கே போச்சுன்னு தெரியல சாமி. போயிடுச்சு. நெருப்பு விழுந்துகூடத் தெரியல."

"நெருப்பு விழுந்தது தெரியலையா?"

"துளிகூடத் தெரியல."

"போனவர் சொல்லிட்டுப் போனாரா?"

"யாரு சாமி?"

"வலிதான்."

பாராட்டை எதிர்பார்த்து வந்தவர் மாசிலாமணி. ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் சாமிக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார். முகம் வாடிப் போய் எழுந்து வெளியே நடந்தார்.

கிணற்றடியைத் தாண்டி அடுக்களைப் பக்கம் போனபோது வைத்திலிங்கம் எதிரே வந்தார். பூசத்தன்று பந்தல் எதுவரை போட வேண்டும், ஜனங்கள் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். அவர் கண் மாசிலாமணிக்குப் பின்னால் போயிற்று.

அருணந்தி சாமி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு செருப்பு. தேய்ந்து போன நீலவார் ரப்பர் செருப்பு.

"சாமி! நீங்க போய்ச் செருப்பைத் தூக்கிட்டு... கொடுங்க இங்க!" வைத்திலிங்கம் பதறிக்கொண்டு ஓடினார்.

சாமி அவரிடம் கொடுக்கவில்லை. மாசிலாமணியின் முன்னால் குனிந்து தரையில் வைத்தார்.

"உங்களுதுதானே?"

மாசிலாமணி தன் காலைப் பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக இருந்தது. குரு கையில் தன் செருப்பைப் பார்த்த பாவத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே மண்ணில் விழுந்துவிட்டார்.

"எங்கே கழண்டுச்சு சாமி?"

"கிணத்தடிக்கு முன்னாலேயே."

"எனக்குத் தெரியலையே."

"கல்லுலயும் முள்ளுலயும் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க."

"தெரியல சாமி."

"அதைத்தான் நானும் கேட்டேன். எங்கே போச்சுன்னு."

வைத்திலிங்கம் மெதுவாக நழுவினார். சாமி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். மாசிலாமணி தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். தூரத்தில் வெண்ணாற்று மதகின் இரும்புக் கதவு வெயிலில் தெரிந்தது.

"அந்த மதகுல முன்னே ஒருத்தர் காவல் வேலை பார்த்தார்" என்றார் சாமி. "நல்ல மனுஷன். மதகு மேலேயே ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பார். கடைமடையில ஒரு விவசாயி. வாய்க்கால் போய் முடியுற இடத்துல அவர் வயல். அவர் தினமும் கரையோட நடந்து வந்து கீழே நின்னு கத்துவார். தண்ணி எட்டலை, தண்ணி எட்டலைன்னு."

"கடைமடைன்னா அப்படித்தான் சாமி. எங்க ஊர்லயும் கத்துவாங்க."

"காவல்காரர் மேலேருந்தே சொல்வார். கடைமடையில என்ன கோளாறுன்னு அங்க போய்ப் பாருய்யான்னு. அவரும் திரும்பிப் போய் வயலைப் பார்ப்பார். வரப்பை வெட்டுவார், கட்டுவார். மறுநாள் திரும்பவும் வந்து கத்துவார்."

"கோளாறு எங்கே சாமி?"

"மதகுக்குக் கீழேயே. கரை சரிஞ்சு வாய்க்காலை அடைச்சுக்கிட்டிருந்தது. காவல்காரர் எழுந்து நின்னு எட்டிப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல."

மாசிலாமணி மதகைப் பார்த்தார்.

"ஒரு நாள் அந்த விவசாயி வரல. மறுநாளும் வரல. காவல்காரருக்கு ரொம்ப சந்தோஷம். பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொன்னார், கடைமடைக்காரனுக்குக் கூடத் தண்ணி எட்டிடுச்சு, சத்தத்தையே காணோம்னு."

கிணற்றுக்குள் ஒரு தென்னம்பூ விழுந்தது.

"அந்த விவசாயி எங்கே போனார் சாமி?"

"பயிர் கருகினதும் திருப்பூருக்குப் போனார். பனியன் கம்பெனிக்கு. தாயில்லாத பிள்ளை ஒண்ணு இருந்தது. போற வழியில ஒரு மடத்துல விட்டுட்டுப் போனார்."

மாசிலாமணி சட்டென்று சாமியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். எழுந்து போகும்போது சாமி சாதாரணமாகத்தான் பேசினார்.

"நாளைக்குக் காலையில தஞ்சாவூருக்கு வண்டி வரச் சொல்றேன். முதுகெலும்பு டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க."

"பூசம் முடிஞ்சு போறேனே சாமி. இத்தனை நாள் பொறுத்தாச்சு. இந்தத் தடவை நான் உட்கார்ந்துடுவேன். நிச்சயமா உட்கார்ந்துடுவேன்."

"ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சாமி கீரை ஆயப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க மாசிலாமணி தன் அறையிலேயே கிடந்தார். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் யார் கண்டது? வலி இல்லாத கால் இன்னொரு தடவை வாய்க்குமா? சாமிக்குப் பொறாமையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அறையில் ஒரு பழைய நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. கைகள் தாமாக ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் முன்னால் வந்தன. வலது காலை ஆக்ஸிலேட்டரில் வைப்பதுபோல் வைத்தார். ஒரு காலத்தில் மன்னார்குடி ரோட்டில் ஒரு குழந்தை பந்துக்குப் பின்னால் குறுக்கே ஓடி வந்தது. அன்றைக்கு மாசிலாமணி யோசிக்கவே இல்லை. கால்தான் யோசித்தது. தூக்கி பிரேக்கில் வைத்து அழுத்தியது. குழந்தையின் தாய் அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

இப்போது அதேபோல் முன்பாதத்தைத் தூக்கி பிரேக்குக்கு மாற்றிப் பார்த்தார்.

பாதம் எழும்பவில்லை. விரல்கள் தரையை உரசிக்கொண்டு பாதி வழியில் நின்றன. இன்னொரு தடவை முயன்றார். கட்டைவிரலைப் பார்த்து, தூக்கு என்று வாய்விட்டே சொன்னார். விரல் அடுத்த வீட்டுக்காரன் விரலைப் போல அப்படியே கிடந்தது.

மாசிலாமணிக்குப் பயம் வந்தது. அந்தக் குழந்தை இன்றைக்கு ஓடி வந்திருந்தால் என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

காலையில் வண்டி வந்தபோது அவர் வாசலில், ப்ளெக்ஸுக்குக் கீழே, பையோடு நின்றுகொண்டிருந்தார். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க வலது காலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். சாமியும் ஏறிக்கொண்டார்.

தஞ்சாவூரில் டாக்டர் ஷமீமா முதலில் ஸ்கேன் எதையும் கேட்கவில்லை. நடந்து காட்டச் சொன்னார். குதிகாலில் நிற்கச் சொன்னார். இடது கால் நின்றது, வலது கால் தொப்பென்று விழுந்தது. கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து, "என் விரலைத் தள்ளுங்க ஐயா" என்றார். தள்ள முடியவில்லை.

"ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல ஏதாவது தடை இருக்கா? உட்கார்ற இடத்துல மரத்துப் போயிருக்கா?"

"அதெல்லாம் சரியா இருக்கும்மா."

"நல்ல வேளை. வலி எப்போ போச்சு?"

"மார்கழியில."

"கால் எப்போலேருந்து இப்படி?"

"அது... அதுவும் மார்கழியிலதாம்மா."

டாக்டர் அவருடைய இடுப்பைத் தட்டிப் பார்த்தார். "ஐயா, வலின்னு வர்ற எல்லாருக்கும் நான் கத்தி எடுக்கிறதில்ல. முக்கால்வாசிப் பேருக்கு நடை, பயிற்சி, கொஞ்ச நாள் பொறுமை, அதுவே போதும். வலி இருக்கிறவரைக்கும் எனக்கும் பெரிய அவசரம் இல்ல. வலி போயி அதோட காலும் சேர்ந்து போச்சுன்னாத்தான் அவசரம்."

"வலி கால்லதானேம்மா இருந்துச்சு? இடுப்பைத் தட்டிப் பார்க்குறீங்களே?"

"கால்ல வலிச்சது. பழுது இங்கதான்." அவர் மாசிலாமணியின் இடுப்பில், பெல்ட் போடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே கையை வைத்தார். "எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு ஒண்ணு இருக்கு. அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நசுக்கிக்கிட்டிருக்கும்னு நினைக்கிறேன். ஸ்கேன்ல உறுதியாத் தெரிஞ்சுடும்."

மாசிலாமணி மெதுவாகத் திரும்பிச் சாமியைப் பார்த்தார். சாமி சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு மேலிருந்து ஒன்றாக இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் விரல்வரை போகிறது. பார்த்தால் ஆற்றுப் பாசனப் படம்தான்.

ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். டமடமவென்று காது கிழிகிற சத்தம். மாசிலாமணி இமைகூட ஆட்டவில்லை. வெளியே வந்ததும், இப்படி ஆடாமல் அசையாமல் படுத்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்று அங்கிருந்த பையன் ஆச்சரியப்பட்டான். மாசிலாமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. பூசத்துக்கு முதல் நாள் ஆபரேஷன் நடந்தது.

பூசத்தன்று மாசிலாமணி கட்டிலில் கிடந்தார். இந்நேரம் சூரியன் கிளம்பியிருக்கும், இந்நேரம் பந்தலில் கூட்டம் வந்து ஏமாந்து திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தார். சாயங்காலம் சாமி திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தார்.

"நரம்பு மேல இருந்த அழுத்தத்தை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க சாமி. ஆனா கால் அப்படியேதான் இருக்கு. திரும்ப வருமான்னு கேட்டா, வரலாம், பாதியும் வரலாம், பொறுத்துத்தான் பார்க்கணும்ங்கிறாங்க."

"ம்."

"முன்னாடியே வந்திருக்கலாம்னும் சொன்னாங்க."

சாமி அவருடைய நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு போர்வையை விலக்கி, அந்த வலது பாதத்திலும் கொஞ்சம் பூசினார்.

"திருப்பூருக்குப் போனவர் திரும்பி வருவாரா சாமி?"

"வாய்க்காலை வெட்டியாச்சு. தண்ணி வர்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரணும்."

"உங்க அப்பா..." என்று ஆரம்பித்த மாசிலாமணி பாதியில் நிறுத்தினார்.

"அவர் வரல" என்றார் சாமி. "அப்போ யாரும் வாய்க்காலை வெட்டல."

மடத்துக்குத் திரும்பி வந்த மாசிலாமணி கோல் ஊன்றி நடந்தார். பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருந்தார்கள். ப்ளெக்ஸைக் காணோம். தையல்நாயகி அதை மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தாள். மகான் தலைகீழாகப் படுத்து மாட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் யாரும் இப்போது வருவதில்லை. கோல் ஊன்றுகிற மகானை யார் கும்பிடுவார்கள்?

தினமும் காலையில் ஊர்க் குளத்தைச் சுற்றி நடந்தார். சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்தார். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, தூக்கு தூக்கு என்று அதனோடு மன்றாடினார். சில நாள் கோபம் வந்து திட்டினார். சில நாள் தடவிக் கொடுத்துக் கெஞ்சினார்.

மாசி போய்ப் பங்குனியில் ஒரு பகல். பாயில் படுத்திருந்தவருக்கு வலது பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. எழுந்து பாயை உதறினார். எறும்பு இல்லை. மறுபடி படுத்தார். மறுபடி ஊர்ந்தது. பிறகு கட்டைவிரலில் ஊசி குத்தியதுபோல் ஒரு சுரீர்.

மாசிலாமணி கோலைக்கூட எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, சாமி இருந்த இடத்துக்கு ஓடினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"சாமி! வலிக்குது சாமி! வலிக்குது!"

அருணந்தி சாமி எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் கண் கலங்கியது. அதைத் துடைக்கவில்லை.

"வந்துட்டாரா?"

"வந்துட்டார் சாமி!"

"என்ன சொல்றார்?"

"கத்துறார் சாமி. பழையபடி கத்துறார்."

"கத்தட்டும்" என்றார் சாமி. "விரட்டிடாதீங்க."

கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. பட்டையை விட்டார், கோலையும் விட்டார். செருப்பு கழன்றால் தெரிந்தது. முன்னைப்போல ஓடும் வலி இல்லை. ஆனால் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இடுப்பில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிப் பாதம்வரை போகும். எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கிவிடும்.

அடுத்த தை வந்தது. பூசத்துக்கு முன்னால் மாசிலாமணி சாமியிடம் போனார்.

"சாமி, டாக்டரம்மா அரைமணிக்கு ஒரு தரமாவது எழுந்திருங்கன்னு சொல்லியிருக்காங்க. மடம் அசையாதேங்குது. நான் யார் பேச்சைக் கேக்குறது?"

"மூணாவதா ஒருத்தர் இருக்காரே. அவரைக் கேட்டீங்களா?"

மாசிலாமணி குனிந்து தன் வலது காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பூசத்தன்று குளித்து, ஈரத்தலையோடு சமாதிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போன வருஷம் ஏமாந்த கூட்டம் இந்த வருஷமும் வந்திருந்தது. சாமி ஒரு பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வைத்திலிங்கம் தூணோரம் நின்று மாசிலாமணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் முற்றத்தில் இறங்குவதற்குள்ளேயே முணுமுணுப்பு ஆரம்பித்தது. இடுப்பு, தொடை, கெண்டைக்கால், பாதம். பல்லைக் கடித்தால் தாங்கிவிடலாம். அது அவருக்குத் தெரியும். தாங்கித் தாங்கிப் பழகின உடம்பு. எழுந்தால் காவி போச்சு. அதுவும் தெரியும். இந்த வயசில் இனி எத்தனை பூசம் வரும்? காவித்துணி சாமியின் பக்கத்தில் தட்டில் மடித்து வைத்திருந்தது. அதை ஒரு தடவை ஆசையோடு பார்த்துக்கொண்டார்.

பிறகு காலை நீட்டினார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சமாதியைப் பார்த்துக் காலை நீட்டுகிறாரே! மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமாதியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால் அடங்கியது. திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார், சுற்றினார், உட்கார்ந்தார். பகல் முழுக்க இதுதான் நடந்தது. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். போகாதவர்களில் முட்டி வீங்கிய ஒரு அம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, புடவையை இழுத்து மூடிக்கொண்டு, காலை நீட்டி அப்பாடா என்றாள். அவளைப் பார்த்து இன்னொருவர் சுவரில் சாய்ந்தார். சாயங்காலத்துக்குள் பந்தலில் பாதிப் பேர் காலை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

விளக்கு வைத்தார்கள். சாமி கண்ணைத் திறந்து எழுந்தார். தட்டிலிருந்த காவியை எடுத்தார். மாசிலாமணி, அது உள்ளே கொண்டு போகத்தான் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். சாமி அவர் முன்னால் நின்று, துணியைப் பிரித்து, அவருடைய தோளில் போட்டார்.

மாசிலாமணி தோளிலிருந்த துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வைத்திலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்தார்.

"சாமி, தப்பா நினைக்கக் கூடாது. இவர் அசைஞ்சாரே. ஊரே பார்த்துச்சே. ஒரு தரமா, ரெண்டு தரமா?"

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அருணந்தி சாமி. "கடைமடையிலேருந்து ஆள் கூப்பிட்டார். கூப்பிட்டப்போ எல்லாம் இவர் எழுந்து போனார்."